ஓபன்டபிள்யூஆர்டியில் வைஃபை ரோமிங்: மாடியேறும்போது கால் கட் ஆகாமல் இருக்க

வீட்டிலுள்ள மூன்று ரவுட்டர்களுக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு கொடுத்துவிட்டால் ரோமிங் (இணைப்பு அறாமல் போன் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவது) வந்துவிடும் என்பது பாதி உண்மைதான். எந்த ஆக்சஸ் பாயின்ட்டில் (வைஃபை தரும் ரவுட்டரில்) இருப்பது, எப்போது மாறுவது என்று முடிவு செய்வது போன். ரவுட்டரால் யோசனை சொல்ல மட்டுமே முடியும். இதைப் புரிந்துகொண்டு அமைத்த இடங்களில் ஓபன்டபிள்யூஆர்டி (ரவுட்டரில் ஏற்றும் ஓபன் சோர்ஸ் ஃபர்ம்வேர்) வருடக்கணக்கில் தொல்லையில்லாமல் ஓடுகிறது. 802.11ஆர் (வேகமாகக் கைமாற உதவும் தரம்) பெட்டியை மட்டும் டிக் செய்துவிட்டு மற்றதைக் கவனிக்காத வீடுகளில் வாட்ஸ்அப் கால் மாடிப்படியில் கட் ஆகிறது.

இங்கே எடுத்துக்கொள்வது நம்மூரில் சாதாரணமாகக் காணும் வீடு: இரண்டு தளம், 9 அங்குலச் செங்கல் சுவர், கான்கிரீட் கூரை. மூன்று டூயல் பேண்ட் ரவுட்டர்கள், நடுவில் கேட் 6 கேபிள். கேபிள் முழுச் செம்பாக இருக்கட்டும். அலுமினியத்துக்குச் செம்பு பூசிய மலிவுக் கேபிள் முதலில் நன்றாக ஓடிவிட்டு, பின்னால் ஜாக் முனையில் தளர்ந்து 1000 எம்பிபிஎஸ் இணைப்பை 100க்கு இறக்கிவிடும். கேபிள் இழுக்கவே வழியில்லை என்றால்தான் வயர்லெஸ் ரிப்பீட்டர். ஒரே ரேடியோவில் வாங்கி அதிலேயே திருப்பி அனுப்பும்போது வேகம் பாதியாகிவிடும்.

முதலில் சரிபார்க்க வேண்டியது டிஹெச்சிபி, அதாவது கருவிகளுக்கு ஐபி முகவரி கொடுக்கும் சேவை. அது பிரதான ரவுட்டரில் மட்டும் ஓட வேண்டும். மற்ற இரண்டிலும் அதை அணைத்து, 192.168.1.2, 192.168.1.3 என்று நிலையான முகவரி கொடுத்து, கேபிளை லேன் (வீட்டு நெட்வொர்க்) போர்ட்டில் செருகவும். நாங்கள் பார்த்த 'ரோமிங் கோளாறு'களில் பெரும்பாலானவை கேபிளை வேன் (இன்டர்நெட் லைன்) போர்ட்டில் செருகியதால் வந்தவை. அப்படிச் செருகினால் ஒவ்வொரு ரவுட்டரும் தனி நெட்வொர்க் ஆகிவிடும். போன் மாறும்போது ஐபி முகவரியும் மாறும், ஓடிக்கொண்டிருந்த கால் போய்விடும். எந்த 802.11 தரமும் இதைக் காப்பாற்றாது.

அடுத்தது சேனலும் பவரும். உண்மையான வேலை இங்கேதான். நாட்டுக் குறியீட்டை இந்தியா என்று வைத்துவிட்டுத் தொடங்கவும். 2.4 கிகாஹெர்ட்ஸில் 1, 6, 11, அகலம் 20 மெகாஹெர்ட்ஸ். 5 கிகாஹெர்ட்ஸில் 80 அகலத்துக்கு ஆசைப்படாமல் 40 வைத்து 36, 44, 149 என்று பிரித்துவிடலாம். 52 முதலான, ரேடாரும் பயன்படுத்தும் சேனல்களில் ரவுட்டர் குறைந்தது 60 விநாடி காத்திருந்துதான் எழும்பும். அங்கே போனும் தானாகக் குரல் கொடுத்துத் தேடாமல் ரவுட்டர் அனுப்பும் பீக்கன் அறிவிப்புக்காகக் காத்திருப்பதால், அடுத்த ஆக்சஸ் பாயின்ட்டைக் கண்டுபிடிக்கத் தாமதமாகும்.

பவரை முழுதாக ஏற்றி வைப்பது ரோமிங்குக்கு எதிரி. ஐபோன் சிக்னல் -70 டிபிஎம்முக்கு (பூஜ்ஜியத்தை நெருங்க நெருங்க வலு அதிகம்) கீழே இறங்கிய பிறகுதான் வேறு இடம் தேடும். டேட்டா ஓடும்போது புதியது 8 டெசிபெல், சும்மா இருக்கும்போது 12 டெசிபெல் மேலாக இருந்தால்தான் தாவும். ஆகவே கைமாற வேண்டிய இடத்தில், அதாவது படிக்கட்டின் திருப்பத்தில், பழைய சிக்னல் -70ஐத் தொடும்போது புதியது -60 அருகே இருக்க வேண்டும். பவரைக் கண்டபடி குறைத்தாலும் ஆபத்து. கான்கிரீட்டைத் தாண்டியதும் 5 கிகாஹெர்ட்ஸ் சட்டென்று விழுந்துவிடுவதால், போனுக்குத் தேட நேரமே கிடைக்காது. இதற்கு மருந்து பவர் அல்ல, இடம். மாடி ரவுட்டரைப் படிக்கட்டு வாய் தெரியும் சுவரில் மாட்டினால், பாதிப்படியிலேயே அதன் சிக்னல் வந்துவிடும். 2.4ஐ 5ஐவிட 6 டெசிபெல்லாவது குறைத்து வையுங்கள். இல்லையென்றால் போன் 2.4லேயே ஒட்டிக்கொள்ளும்.

இதெல்லாம் ஆன பிறகு 802.11ஆர். மொபிலிட்டி டொமைன் (ரவுட்டர்கள் ஒரே குழு என்று காட்டும் குறியீடு) நான்கு இலக்கம், எல்லா ரவுட்டரிலும் ஒன்றே. என்ஏஎஸ் ஐடி (அடையாளப் பெயர்) மட்டும் ஒவ்வொரு ரேடியோவுக்கும் வேறு. மாறும் முறைக்கு 'ஓவர் தி ஏர்' என்பதைத் தேர்ந்தெடுக்கவும். பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ2 என்றால் 'பிஎம்கே லோக்கலாக உருவாக்கு' (பிஎம்கே என்பது இணைப்பின் சாவி) என்பதை டிக் செய்தால் போதும். டபிள்யூபிஏ3யில் இது பயன்படாது. அங்கே சாவி ஒவ்வொரு இணைப்புக்கும் புதிதாகப் பிறப்பதால், ரவுட்டர்கள் அதைத் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ள வேண்டும். இரண்டையும் கலந்த மிக்ஸ்டு மோடில்தான் அதிகத் தகராறு, ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிடுங்கள். பலனையும் மிகைப்படுத்த வேண்டாம்: டபிள்யூபிஏ2வில் எட்டு ஃபிரேம் பரிமாற்றம் நான்காகிறது, அவ்வளவுதான். ரேடியஸ் சர்வர் (ஒவ்வொருவரையும் தனித்தனியே சரிபார்ப்பது) வைத்த அலுவலகத்தில்தான் வித்தியாசம் பெரிது.

802.11கே (அண்டை ஆக்சஸ் பாயின்ட் பட்டியல் தருவது), 802.11வி (மாறும்படி யோசனை சொல்வது) இரண்டுக்கும் ஓபன்டபிள்யூஆர்டியுடன் கூடவே வரும் டபிள்யூபேட் பேசிக் என்ற வைஃபை பேக்கேஜ் போதாது. அதை நீக்கி முழு டபிள்யூபேட் போட வேண்டும். நீக்கியதும் வைஃபை போய்விடும், எனவே கேபிளில் இருந்தபடி செய்யவும். இதற்குப் பிறகும் அண்டை ஆக்சஸ் பாயின்ட் பட்டியல் தானாக நிரம்பாது. மூன்றிலும் யூஸ்டீர் என்ற பேக்கேஜை நிறுவினால் அவை லேன் வழியே ஒன்றையொன்று கண்டு பட்டியலை நிரப்பிக்கொள்கின்றன. அதில் சிக்னல் குறைந்த போனை உதைத்து வெளியேற்றும் அமைப்பைத் தொடாதீர்கள். உதைபட்ட போன் சில நேரம் திரும்ப அதே இடத்துக்கே வந்து நிற்கும்.

பழைய பிரிண்டர், ஸ்மார்ட் பிளக் போன்றவற்றில் சில 802.11ஆர் உள்ள நெட்வொர்க்கில் சேரவே மறுக்கும். அவற்றுக்கு 2.4இல் அது இல்லாத தனிப் பெயர் ஒன்று கொடுத்துவிடலாம்.

சோதிக்க, லேப்டாப்பில் 0.2 விநாடி இடைவெளியில் பிரதான ரவுட்டருக்குப் பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனை) ஓடவிட்டு மாடியேறுங்கள். ஒன்றிரண்டு பதில் தவறினால் சரி. மூன்று விநாடி அமைதி என்றால் கருவி எல்லாச் சேனலையும் தேடுகிறது அல்லது ஐபி மாறுகிறது. ரவுட்டர் பதிவில் இணைப்பு வரியின் கடைசியில் எஃப்டி (ஃபாஸ்ட் டிரான்சிஷன்) என்று வந்தால் 802.11ஆர் வேலை செய்கிறது என்று பொருள்.

நீண்ட நாள் பயன்பாட்டில் திரும்பத் திரும்பக் கடிப்பது அப்டேட். வழக்கமான ஃபர்ம்வேர் கோப்பை ஏற்றினால் டபிள்யூபேட் மறுபடி பேசிக்காகிவிடும், யூஸ்டீரும் காணாமல் போகும். அமைப்புக் கோப்பு மட்டும் அப்படியே இருப்பதால் எல்லாம் சரி என்றே தோன்றும். 'அட்டெண்டட் சிஸ்அப்கிரேட்' வழியாக ஏற்றினால் நிறுவிய பேக்கேஜ்களையும் சேர்த்தே கோப்பை உருவாக்கித் தருகிறது. முதலில் ஒரு மாடி ரவுட்டரில் ஏற்றி, பிங் சோதனையை ஓட்டிப் பார்த்துவிட்டு, பிரதான ரவுட்டரைக் கடைசியாகத் தொடுங்கள்.