குழந்தையின் மூலைக்கு எது நல்லது: காகிதமா, பனை ஓலையா, பழைய துணியா?

சென்னையில் குழந்தைக்கென்று தனி அறை ஒதுக்க எத்தனை வீடுகளில் இடம் இருக்கிறது? பெரும்பாலும் படுக்கையறையில் ஒரு மூலைதான். வாடகை வீடென்றால் ஆணி அடிக்கக்கூட வீட்டுக்காரரைக் கேட்க வேண்டும். அந்த மூலையை 500 ரூபாய்க்குள் கைவேலையாலேயே அழகுபடுத்த காகிதம், பனை ஓலை, பழைய துணி மூன்றும் கைகொடுக்கும். என் ஓட்டு துணிக்குத்தான்.

காகிதத்தில் வேலை சுலபம். பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் கலர் அட்டை வாங்கிவந்தால், ஒரே மாலையில் நட்சத்திரம், பட்டாம்பூச்சி என்று வெட்டித் தள்ளிவிடலாம். ஆனால் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் ஓரம் சுருளும், டேப் விட்டுப்போகும். நம்மூரில் ஃபேன் நிற்பதே இல்லை. அதன் காற்றில் தொங்கும் காகிதம் சுழன்று நூலோடு முறுக்கிக்கொள்ளும். அறுந்து விழுந்தால் நேரே குழந்தையின் வாய்க்குத்தான் போகும். ஒரு விஷயத்தில் மட்டும் காகிதத்தை அடித்துக்கொள்ள முடியாது. பிறந்த குழந்தைக்கு 20 முதல் 30 சென்டிமீட்டர் தூரத்தில் இருப்பதுதான் ஓரளவு தெளிவாகத் தெரியும்; கறுப்பு வெள்ளை உருவங்கள் கண்ணை இழுக்கும். வெள்ளை அட்டையில் கறுப்பு மார்க்கரால் ஒரு புள்ளிக் கோலம் போட்டு, விழித்திருக்கும்போது கிட்டத்தில் பிடித்துக் காட்டுங்கள்.

பனை ஓலைக் கிளி காற்றில் லேசாக அசைவது தனி அழகு. ஆனால் ஓலையின் ஓரம் கையைக் கீறும், கிலுகிலுப்பைக்குள் கல்லோ விதையோ இருக்கும். எட்டாத உயரத்தில் மாட்டினால் சரி.

துணிக்குச் செலவு ஊசியும் நூலும்தான். பலமுறை துவைத்த பருத்திப் புடவையின் மென்மை கடைத்துணியில் கிடைக்காது. சாயம் போகிறதா என்று மட்டும் வெள்ளைத் துணியோடு சேர்த்து நனைத்துப் பார்த்துவிடுங்கள். உள்ளங்கை அளவுக்கு இரண்டு கிளி வெட்டி, உட்புறமாகத் தைத்துத் திருப்பி, தையல்கடையில் ஒதுக்கிப்போடும் வெட்டுத் துணியால் நிரப்புங்கள். இலவம்பஞ்சு வேண்டாம், துவைத்தால் கட்டிதட்டிவிடும். கண்ணுக்குப் பொத்தானோ மணியோ கூடவே கூடாது. பிய்ந்து வந்தால் தொண்டையில் அடைக்கும். கறுப்பு நூலால் இழுத்துத் தையுங்கள், பார்வை இன்னும் உயிரோடு இருக்கும்.

கிளிகளைத் தூளிக் கயிற்றிலோ தலைக்கு நேர் மேலேயோ கட்டாமல், பக்கவாட்டில் கை எட்டாத இடத்தில் மாட்டுங்கள். குழந்தை கையூன்றி எழும்ப ஆரம்பித்ததும், அல்லது 5 மாதம் ஆனதும், கழற்றிவிட வேண்டும். அப்புறம்தான் துணியின் அருமை தெரியும். கயிற்றை அறுத்துவிட்டு, தையல்களை ஒருமுறை இழுத்துப் பார்த்து, அதே கிளியைக் குழந்தையின் கையிலேயே கொடுத்துவிடலாம். காகிதத்தையும் ஓலையையும் அப்படிக் கொடுக்க முடியுமா?

மிச்சப் புடவையை நாலாக மடித்து ஓட்டுத் தையல் போட்டால் தரைவிரிப்பு தயார். விழித்திருக்கும்போது குப்புறப் போட்டு விளையாட விடுவதற்கு மட்டுமே அது. முதல் ஒரு வயதுவரை, தூங்கும் இடத்தில் தலையணை, மெத்தென்ற போர்வை, துணி பொம்மை எதுவும் வேண்டாம். எவ்வளவு ஆசையாகத் தைத்திருந்தாலும் சரி.