டகோமாவுக்கு லிஃப்ட், 33 அங்குல டயர்: மூன்று வருட அனுபவம்

புதிதாக டொயோட்டாவின் டகோமா பிக்கப் வண்டி வாங்கிய நண்பர் ஒருவர், "லிஃப்ட் போட்டு வண்டியை எத்தனை அங்குலம் ஏற்றலாம், எந்த டயர் போடலாம்?" என்று கேட்டார். போன வாரம்தான் என் வண்டியின் கேப் மவுன்டை, அதாவது கேபினைத் தாங்கும் இரும்புப் பிடியை, அறுத்து வெல்டிங் வைத்துக்கொண்டு வந்தேன். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. முடிந்தவரை நியாயமாகச் சொல்லப் பார்க்கிறேன்.

என்னுடையது 2019 டிஆர்டி ஆஃப்ரோடு ரகம், அமெரிக்காவின் கொலராடோவில் ஓடுகிறது. முன்னால் பில்ஸ்டீன் 6112 ஷாக், பின்னால் 5160, லீஃப் ஸ்பிரிங்கில் கூடுதலாக ஒரு பட்டை. முன்பக்கம் இரண்டரை அங்குலம் உயர்ந்தது. டயர் 265/70ஆர்16-லிருந்து 285/70ஆர்17-க்கு, அதாவது ஏறக்குறைய 33 அங்குல விட்டத்துக்கு, போனது.

அந்த ஷாக்குகளைப் பற்றி ஒரு குறையும் இல்லை. துணி துவைக்கும் பலகை மாதிரி வரிவரியாகக் கிடக்கும் மண்பாதையில் முன்பு பல் கிடுகிடுக்கும், இப்போது வண்டி மிதந்து போகிறது. இங்கே மணல்மேடுகளை ஒட்டிப் போகும் மெதானோ கணவாய்ச் சாலையில் ஓடையை ஒன்பது தடவை கடக்க வேண்டும், ஆழமான மணலும் உண்டு. டயர் காற்றை 18 பிஎஸ்ஐக்கு இறக்கிவிட்டுப் போனேன், ஒரு இடத்திலும் சிக்கவில்லை. அன்றைக்குக் கேட்டிருந்தால் எல்லாருக்கும் 285-தான் என்று சொல்லியிருப்பேன்.

பிரச்சினை, ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்து ரிவர்ஸ் எடுக்கும்போது வரும் அந்த 'கர்ர்ர்'. முன்சக்கரத்துக்குப் பின்னால் கேபினைச் சட்டத்தோடு பிணைக்கும் கேப் மவுன்டில் டயர் உரசுகிறது. லிஃப்ட் போட்டால் இடம் கிடைக்கும் என்றுதான் பலரும் நினைக்கிறோம், நானும் நினைத்தேன். ஆனால் லிஃப்ட் கொடுப்பது மேலே உள்ள இடம். உரசல் நடப்பது பின்னால். அதிலும் தோற்றத்துக்காக நான் எடுத்த வீல் பூஜ்ய ஆஃப்செட். ஆஃப்செட் என்பது வீலின் நடுக்கோட்டுக்கும் அது வண்டியில் பொருந்தும் முகத்துக்கும் உள்ள தூரம்; அது குறைந்தால் சக்கரம் வெளியே தள்ளும். டயர் ஏறக்குறைய ஒரு அங்குலம் வெளியே தள்ளி நிற்பதால், திரும்பும்போது இன்னும் பெரிய வட்டம் போட்டு அங்கே போய் இடிக்கிறது. விற்ற கடையில், "எதையும் அறுக்க வேண்டாம், அப்படியே பொருந்தும்" என்று உறுதியாகச் சொன்னார்கள். சக்கர வளைவின் உள்பிளாஸ்டிக்கை வெட்டினேன், முன்சக்கரத்தைச் சட்டத்தோடு இணைக்கும் மேல் கன்ட்ரோல் ஆர்மை மாற்றினேன், மூன்று முறை அலைன்மென்ட் பார்த்தேன். நெடுஞ்சாலையில் வண்டி அலைந்தது நின்றது. உரசல் நிற்கவில்லை. கோயில் பார்க்கிங்கில், அலுவலகத்தில், வீட்டு வாசலில், தினமும் அதே சத்தம். கடைசியில் அறுத்தாயிற்று. குளிர்காலத்தில் பனி உருக இங்கே சாலையில் மெக்னீசியம் குளோரைடு என்ற உப்பைத் தெளிப்பார்கள். அந்த வெல்டிங்கில் துரு பிடிக்கிறதா என்று இனி ஒவ்வொரு வசந்தத்திலும் குனிந்து பார்க்க வேண்டும்.

இன்னொன்றும் கவனியுங்கள். பின் அச்சு சக்கரத்தோடு சேர்ந்தது, ஸ்பிரிங்கோடு அல்ல. எவ்வளவு லிஃப்ட் போட்டாலும் அச்சின் நடுவே தொங்கும் பல்சக்கரப் பெட்டியான பின் டிஃபரன்ஷியல் ஒரு மில்லிமீட்டர்கூட உயராது. அதை உயர்த்துவது டயர் மட்டும்தான், அதுவும் விட்டத்தில் கூடியதில் பாதி. எனக்கு விட்டம் 53 மி.மீ. கூடியது, பாறைக்கும் டிஃபரன்ஷியலுக்கும் நடுவே கிடைத்தது 27 மி.மீ.

ஸ்பீடோமீட்டர் 70 மைல் காட்டும்போது உண்மையில் 75 போகிறேன். மைலேஜ் குறைந்ததாகப் புலம்புகிறவர்கள் இதையும் கணக்கில் எடுக்க வேண்டும், ஓடிய மைலையும் வண்டி குறைத்தே எண்ணுகிறது. திரையில் கேலனுக்கு 16 மைல் என்றால் நிஜத்தில் 17. முன்பு 20 கிடைத்தது. மலைமேல் இருக்கும் ஐசன்ஹோவர் சுரங்கச் சாலைக்கு ஏறும்போது கியர் மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே தவிக்கிறது. இந்த டயர் ஒவ்வொன்றும் 50 பவுண்டுக்கு மேல், தவிக்காமல் என்ன செய்யும்? ஊரிலிருந்து வந்த அம்மாவுக்கு வண்டியில் ஏற ஒரு முக்காலி வாங்கி வைத்திருக்கிறேன்.

நண்பருக்கு என் பதில் 265/70ஆர்17. 31.6 அங்குலம், எதையும் அறுக்க வேண்டாம், நல்ல ஷாக்கோடு இரண்டு அங்குலம் ஏற்றினால் மெதானோவுக்குத் தாராளம். என் அடுத்த செட்டும் அதுதான்.

மெதானோ படங்களைப் பார்த்துவிட்டு அவர் 285-தான் வேண்டும் என்கிறார். சரி, அப்படியானால் கம்பெனி வீலுக்கு நெருங்கிய ஆஃப்செட்டாக எடுங்கள். அப்புறம், கேப் மவுன்டை அறுக்கும் கூலியையும் முதல் பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.