வரிசையா, விவேகமா?

தட்டுப்பாட்டு நேரத்தில் விதியையே பிடித்துத் தொங்கினால் என்ன ஆகும் என்பது 2021 தொடக்கத்தில் நியூயார்க் மாநிலத்தில் தெரிந்தது. தெரிந்தே வரிசை மீறிக் கோவிட் தடுப்பூசி போட்டால் 10 லட்சம் டாலர் வரை அபராதம். வந்த மருந்தை மருத்துவமனை ஒரு வாரத்துக்குள் போட்டு முடிக்காவிட்டால் 1 லட்சம் டாலர் வரை அபராதம். அன்றைய ஃபைசர் தடுப்பூசிக் குப்பியில், ஊசி போடுவதற்காக உப்புநீர் கலந்துவிட்டால் ஆயுள் 6 மணி நேரம்தான். சாயங்காலம் இரண்டு டோஸ் மிச்சம், பட்டியலில் உள்ளவர் வரவில்லை. வாசலில் நிற்பவருக்குப் போடுவதா, குப்பையில் போடுவதா? இதில் யோசிக்க என்ன இருக்கிறது!

சரி, எல்லாவற்றையும் ‘பார்த்துச் செய்யுங்கள்’ என்று விட்டுவிடலாமா? 1960களில் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் டயாலிசிஸ் இயந்திரங்கள் குறைவு. யாருக்கு என்று முடிவு செய்ய ஒரு குழு. நல்லவர்கள்தான். ஆனால் வருமானம், குடும்பம், தேவாலயத்துக்குப் போகிற பழக்கம் என்றெல்லாம் பார்த்து உயிரை எடைபோட்டார்கள். விவேகம் என்ற பெயரில் அங்கே உட்கார்ந்திருந்தது சொந்த விருப்புவெறுப்பு.

என் ஓட்டு விதிக்குத்தான். ஆனால் மிஞ்சியதை என்ன செய்வது என்பதையும் அதே விதியில் எழுதிவைக்க வேண்டும்: கூப்பிட்டால் அரை மணியில் வரக்கூடியவர்களின் பட்டியல் ஒன்று. அப்புறம், கடைசி டோஸ் யாருக்குப் போனது என்று நர்ஸ் ஒரு வரி குறித்துவைத்தால் போதும்.