டெர்மினல் விசிட்டிங் கார்டு: என்பிஎக்ஸா, கர்லா, எஸ்எஸ்ஹெச்சா?

ஒரே கட்டளையில் நம் பெயரும் வேலையும் டெர்மினலில் (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் திரையில்) வர வேண்டும். கீழே 'மெயில் அனுப்பு', 'ரெஸ்யூமே திற' என்று மெனுவும் வேண்டும். இதற்கு மூன்று வழிகள் உண்டு: இணையத்திலிருந்து கோப்பை எடுத்துவரும் கர்ல், இன்னொரு கணினியோடு பாதுகாப்பாக இணைக்கும் எஸ்எஸ்ஹெச், நோட் (ஜாவாஸ்கிரிப்ட் நிரலை ஓட்டும் மென்பொருள்) இருந்தால் ஒரு பேக்கேஜை இறக்கி உடனே ஓட்டும் என்பிஎக்ஸ். நான் செய்து வைத்திருப்பது என்பிஎக்ஸில்.

கர்ல்தான் இருப்பதிலேயே எளிது. வண்ணக் குறிகள் சேர்த்த ஓர் உரைக் கோப்பை இணையத்தில் போட்டால் வேலை முடிந்தது. விண்டோஸிலும் 2018 முதல் கர்ல் கூடவே வருகிறது. ஆனால் காட்டுவதோடு சரி, மெனு கிடையாது. மெனு வேண்டுமென்றால் ஸ்கிரிப்டை பாஷுக்குள் (கட்டளைகளை ஓட்டும் நிரல்) பைப் செய்யச் சொல்ல வேண்டும், அதாவது இறக்கியதைப் படிக்காமலே ஓட்டச் சொல்ல வேண்டும். முன்பின் தெரியாதவரிடம் அதைக் கேட்க எனக்குக் கூச்சம்.

எஸ்எஸ்ஹெச் மூன்றிலும் அழகு. கோ மொழியின் விஷ், பபிள் டீ என்ற நூலகங்கள் இரண்டும் போதும். பார்ப்பவர் எதையும் நிறுவ வேண்டாம். ஆனால் சர்வர் எப்போதும் ஓட வேண்டும். சர்வர் மாற்றும்போது ஹோஸ்ட் கீயை (சர்வரின் அடையாளச் சாவியை) எடுத்துப்போக மறந்தால், முன்பு வந்தவருக்கு உங்கள் பெயருக்குப் பதில் பாதுகாப்பு எச்சரிக்கைதான் தெரியும். நான் இதைச் சொந்தக் கணினியில் ஓட்டிப் பார்த்ததோடு சரி. மாதக்கணக்கில் நடத்தியவர் பேச்சுக்கே எடை அதிகம்.

என்பிஎக்ஸில் சர்வர் கவலை இல்லை, கோப்பை ரெஜிஸ்ட்ரி (பேக்கேஜ்களின் பொதுக் கிடங்கு) வைத்துக்கொள்ளும். பராமரிப்புத் தலைவலி வேறு பக்கத்திலிருந்து வரும். பலரும் வண்ணத்துக்கு சாக், பெட்டிக்கு பாக்ஸன், மெனுவுக்கு இன்கொயரர் என்று பிறர் எழுதிய நூலகங்களைச் சேர்ப்பார்கள். எந்த நூலகத்தின் எந்தப் பதிப்பு என்று குறித்துவைக்கும் நம் லாக் கோப்பு பேக்கேஜோடு போகாது. அதனால் புதிதாக ஒருவர் ஓட்டும்போது, நாம் அனுமதித்த வரம்புக்குள் அன்றைக்கு இருக்கும் புதிய பதிப்பே இறங்கும். 2025 செப்டம்பரில் சாக் உட்படப் பல பேக்கேஜ்களில் தீங்கு நிரல் புகுத்தப்பட்டது. நாம் தொடாமலே கிடந்த கார்டும் அந்த நேரத்தில் அதை இறக்கியிருக்கலாம். வருஷத்துக்கு ஒருமுறை எட்டிப்பார்க்கிற நிரலுக்கு இது வேண்டாத வம்பு.

ஆகவே என் கார்டில் வெளி நூலகம் ஒன்றுகூட இல்லை. நோடிலேயே வண்ணத்துக்கு ஸ்டைல்டெக்ஸ்ட் இருக்கிறது, மெனுவுக்கு ரீட்லைன். பெட்டிக் கோடுகளைக் கையால் போட்டேன். பெயரைத் தமிழில் எழுதினால் வலப்பக்கக் கோட்டை விட்டுவிடுங்கள். கொம்பும் புள்ளியும் அகலக் கணக்கைக் குழப்பும்.

நோட் இல்லாதவருக்கு இந்தக் கார்டு தெரியாது, அது உண்மைதான். அவர்களுக்காக ஒரு கர்ல் பக்கமும் வைத்திருக்கிறேன். அப்புறம், கைப்பேசி எண்ணை மட்டும் பேக்கேஜில் எழுதாதீர்கள்: எண்ணை எடுத்துவிட்டுப் புதிய பதிப்பு போட்டாலும் பழையது ரெஜிஸ்ட்ரியிலேயே இருக்கும்.