டோக்கியோவில் சுஷி: சுழல்பட்டையா, சந்தையா, கின்சாவா, பேட்டைக் கடையா?

டோக்கியோவுக்கு வரும் நண்பர்களும் உறவினர்களும் விமான டிக்கெட் எடுத்த கையோடு என்னிடம் கேட்பது ஒன்றுதான்: சுஷியை எங்கே சாப்பிடுவது? கேட்கும்போதே பலர் மனத்தில் விடையும் இருக்கும். ஒரு சாராருக்கு, டோக்கியோவின் ஆடம்பரப் பகுதியான கின்சாவில் ஒரு வேளைக்கு 30,000 யென்னும் அதற்கு மேலும் வாங்கும் கடை. மறு சாராருக்குத் தட்டுகள் பட்டையில் சுற்றிவரும் மலிவுக் கடை. அதிகாலையில் எழக்கூடியவர்கள் மீன் சந்தையையும் சேர்த்துக்கொள்வார்கள். ரயில் நிலையத்துக்குப் பின்னால், குறுகிய தெருவில், எட்டுப் பத்து நாற்காலிகளோடு இருக்கும் பேட்டைக் கடையைப் பற்றி மட்டும் யாரும் கேட்பதில்லை. முதல் முறை வருகிறவர்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன்.

எதை வைத்து அப்படிச் சொல்கிறேன் என்றால், நான் வழக்கமாகப் போகும் கடையின் பெரியவர் கற்றுத் தந்த அளவுகோலை வைத்து. வாலிப வயதில் தொழிலுக்கு வந்தவர். கத்தியைத் துடைத்தபடியே பேசுவார். சுஷி என்றால் பிடித்துவைத்த சோற்றின் மேல் ஒரு மீன் துண்டு; அதில் மீனை விடச் சோற்றைக் கவனி என்பது அவர் கட்சி. வினிகர் கலந்த அந்தச் சோறு உடம்புச் சூட்டில் இருக்க வேண்டும். பிடித்துவைத்த கையிலிருந்து சாப்பிடுபவர் வாய்க்குப் போகும் நேரம் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவுக்குச் சுஷி நன்றாக இருக்கும். விலை, புகழ், மீனின் ஊர் எல்லாம் அதற்குப் பிறகுதான். நான்கு வகைக் கடைகளையும் இந்தக் கணக்கில் நிறுத்திப் பார்த்தால் பொதுவாகச் சொல்லப்படும் வரிசை மாறிவிடுகிறது.

சுழல்பட்டைக் கடை

1958இல் ஒசாகாவுக்குப் பக்கத்தில் யோஷியாகி ஷிரைஷி என்பவர் தொடங்கியது இது. பீர் ஆலையில் புட்டிகள் பட்டையில் நகர்வதைப் பார்த்து அவருக்கு யோசனை தோன்றியது. 1970 ஒசாகா உலகப் பொருட்காட்சிக்குப் பிறகு நாடெங்கும் பரவியது. இன்று பெரிய சங்கிலிக் கடைகளில் சோற்றைப் பிடிப்பது இயந்திரம். மீன் துண்டை அதன் மேல் வைப்பது மட்டும் கை வேலை. 2023இல் ஓர் இளைஞர் சோயா புட்டியை நக்கும் வீடியோ பரவி நாடே கொதித்தது. அதன் பிறகு பல கடைகளில் தட்டுகளைச் சும்மா சுற்றவிடுவதில்லை. தொடுதிரையில் சொன்னால், தட்டு நேராக உங்கள் மேசைக்கு வந்து நிற்கும். உண்மையில் இது நல்லதாகப் போயிற்று. முன்பு அரை மணி நேரம் ஊர்வலம் வந்து காய்ந்த தட்டும் நம் பங்குக்கு வரும். இப்போது செய்து சில நிமிடங்களில் வந்துவிடுகிறது.

குழந்தைகளோடு வரும் குடும்பத்துக்கு இதை அடித்துக்கொள்ள வேறு கடை இல்லை. ஒரு தட்டு 120 யென் அளவில் தொடங்குகிறது. திரையில் ஆங்கிலம் உண்டு. உடோன் நூடுல்ஸ், உருளை வறுவல், ஐஸ்கிரீம் எல்லாம் கிடைக்கும். ஒரு சங்கிலியில் ஐந்து காலித் தட்டுகளை மேசைத் துளையில் போட்டால் பொம்மை விளையாட்டு ஒன்று ஓடும். அதற்காகவே பிள்ளைகள் ஐந்தாவது தட்டைக் கேட்பார்கள். மேசையோரத்தில் கறுப்புப் பித்தானோடு ஒரு குழாய் இருக்கும். அது கை கழுவ அல்ல, தேநீருக்கான கொதிநீர். பிள்ளைகளை அதன் பக்கம் உட்காரவைக்காதீர்கள்.

இங்கே சால்மன்தான் ராஜா. அது 1980களில் நார்வேக்காரர்கள் ஜப்பானில் சந்தை தேடி நுழைத்த மீன். பழைய முறைக் கடைகள் பலவற்றில் இன்றும் கிடைக்காது. சால்மன் பிரியர்கள் கின்சாவுக்குப் போய் ஏமாறுவதைவிட இங்கேயே வயிறாரச் சாப்பிடலாம்.

சந்தை

வெளியூர்க்காரர்கள் அதிகம் ஆசைப்படுவதும், பெரியவர் அதிகம் தலையாட்டி மறுப்பதும் இதைத்தான். ட்சுகிஜி மொத்தச் சந்தை 2018 அக்டோபரில் மூடப்பட்டு டொயோசுவுக்கு இடம் மாறியது. பழைய இடத்தில் வெளிச்சந்தை மட்டும் இருக்கிறது. டொயோசு சந்தைக்குள் இருக்கும் புகழ்பெற்ற சுஷிக் கடைகளில் இடம் பிடிக்க மணிக்கணக்கில் வரிசையில் நிற்கிறார்கள். மீன் இறங்கும் இடத்திலேயே சாப்பிட்டால் ருசி கூடும் என்ற நம்பிக்கைதான் காரணம்.

அந்த நம்பிக்கை டோக்கியோவின் சுஷிக்குப் பொருந்தாது. எதோ (டோக்கியோவின் பழைய பெயர்) நகரின் தெருக்கடைகளில் 1820களில் உருவான இந்த வகை, குளிர்ப்பெட்டி இல்லாத காலத்துப் பக்குவங்களால் ஆனது. கொஹாதா என்ற வெள்ளி மீனை உப்பிட்டு, கழுவி, வினிகரில் ஊறவைப்பார்கள். கடல் விலாங்கை மெதுவாக வேகவைப்பார்கள். வெள்ளை மீனைக் கொம்பு என்ற கடற்பாசிக்கு நடுவில் அடுக்கி வைப்பார்கள். சூரையைச் சோயாவில் ஊறப்போடுவார்கள். பெரிய நீலத்துடுப்புச் சூரை பிடித்த அன்று சப்பென்றிருக்கும்; நாள் கணக்கில் குளிரில் கிடந்த பிறகுதான் அதற்குச் சுவை ஏறுகிறது. இன்று காலை டொயோசுவில் வாங்கிய சூரையை நல்ல கடைக்காரர் இன்றைக்கே வெட்ட அவசரப்பட மாட்டார். அப்படியிருக்க, விடியுமுன் எழுந்து வரிசையில் நிற்பதால் மீனில் எதைக் கூடுதலாகப் பெறுகிறோம்? உங்கள் பேட்டைக் கடைக்காரர் அதே சந்தைக்குப் போய்விட்டுத்தானே வந்திருக்கிறார்.

பார்ப்பதற்குப் போங்கள், அதில் எனக்கு மறுப்பே இல்லை. டொயோசுவில் சூரை ஏலத்தைப் பார்வையாளர் தளத்திலிருந்து பார்க்கக் குலுக்கல் முறையில் முன்பதிவு உண்டு. 2019 புத்தாண்டின் முதல் ஏலத்தில் 278 கிலோ சூரை ஒன்று 33 கோடி யென்னைத் தாண்டி விலைபோனது இங்கேதான். ட்சுகிஜி வெளிச்சந்தையில் குச்சியில் குத்தித் தரும் முட்டை அடையைச் சாப்பிட்டுவிட்டு, கத்திக் கடைகளைப் பார்த்துவிட்டு, பசியோடு வெளியே வாருங்கள். ஞாயிறன்றும் பல புதன்கிழமைகளிலும் டொயோசு விடுமுறை. தேதி பார்க்காமல் கிளம்ப வேண்டாம்.

கின்சா

2014இல் அப்போதைய ஜப்பான் பிரதமர் ஷின்சோ அபே, அமெரிக்க அதிபர் ஒபாமாவை அழைத்துப்போன சுகியாபாஷி ஜிரோ, கின்சாவில் ஓர் அலுவலகக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் பத்தே நாற்காலிகளோடு இருக்கும் கடை. உணவகங்களுக்குத் தரம் போடும் மிஷ்லின் பட்டியலில் மூன்று நட்சத்திரங்கள் பெற்றிருந்தது. பொதுமக்கள் தாங்களே முன்பதிவு செய்ய வழியில்லை என்பதால் 2019இல் அந்தப் பட்டியலிலிருந்து நீங்கியது. இந்த வகைக் கடைகளில் எதைத் தருவது என்று சமையற்காரரே தீர்மானிப்பார். ஏறத்தாழ இருபது துண்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். பெரியவரின் அளவுகோலில் இவற்றுக்கு முழு மதிப்பெண்: கைக்கும் வாய்க்கும் நடுவே சில நொடிகள்கூட இல்லை.

இருந்தும் முதல் சுஷி இங்கே வேண்டாம் என்கிறேன். நீங்கள் கூடுதலாகக் கொடுக்கும் பணம் மிக நுட்பமான வேறுபாடுகளுக்குப் போகிறது. கொஹாதாவின் குஞ்சு ஷின்கோ கோடையில் முதலில் வரும்போது எடைக்கு எடை சூரையைவிட விலை கூடுதலாக இருக்கும். வளர வளர விலை இறங்கும். சில குஞ்சுகளை ஒரே பிடியில் அடுக்கி வைப்பார்கள். சாதாரணக் கொஹாதாவையே சாப்பிட்டிராத ஒருவருக்கு அதில் என்ன தெரியும்? வாழ்க்கையில் முதல் கச்சேரியாக மார்கழி சபாவின் முன்வரிசையில் உட்கார்ந்து ராகம் தானம் பல்லவி கேட்பது போன்றது அது. கேட்டுப் பழகியவருக்கு மட்டுமே அந்த இடத்தின் அருமை புரியும்.

பழகியவர்கள் கட்டாயம் போங்கள், முடிந்தால் மதியத்தில். பல கடைகளில் இரவைவிட விலை நன்றாகக் குறையும். வாசனைத் திரவியம் பூசிக்கொள்ளக் கூடாது. நேரம் தவறக் கூடாது. கடைசி நேரத்தில் ரத்து செய்தால் முழுப் பணமும் போய்விடக்கூடும்.

பேட்டைக் கடை

வாசலில் துணித் திரை தொங்கும். அது தொங்கினால் கடை திறந்திருக்கிறது. மதியம் பதினொன்றரை மணியளவில் திறந்து இரண்டு மணியளவில் மூடிவிட்டு, மறுபடி மாலையில்தான் திறப்பார்கள். மதியத் தட்டு சாதாரணம், உயர்வு, மிக உயர்வு என்று மூன்று தரங்களில் இருக்கும். பெரும்பாலும் 1,500 யென்னிலிருந்து 3,500 யென்னுக்குள். நடுத்தரத்தைக் கேளுங்கள். மேசை காலியாக இருந்தாலும் சமையற்காரருக்கு எதிரிலுள்ள பலகையில் உட்காருங்கள். இந்த ஒரு முடிவிலேயே பாதி வித்தியாசம் இருக்கிறது.

அங்கிருந்து பார்த்தால் வேலை முழுவதும் கண்ணெதிரே நடக்கும். இடது கை விரல்களில் மீன் துண்டு, வலது கையில் சோறு. சுட்டுவிரல் நுனியால் வசாபி என்ற காரமான பச்சை விழுதை ஒரு தீற்று தீற்றி, சோற்றை வைத்து, திருப்பி, இரண்டு விரலால் அழுத்தி, மறுபடி திருப்பி முடிப்பதற்குள் நாம் இரண்டு மூச்சு விட்டிருப்போம். பலகையில் வைத்தபின் கூர்ந்து பாருங்கள். நன்றாகப் பிடித்த துண்டு மயிரிழை அளவு தானாகவே கீழே அமரும். உள்ளே காற்று விட்டுப் பிடித்திருப்பதால் வருவது அது. வாயில் போட்டதும் சோறு பருக்கை பருக்கையாகப் பிரிவதும் அதனால்தான். இதை இயந்திரச் சோற்றில் பார்க்க முடியாது; கின்சாவில் பத்து மடங்கு கொடுத்துப் பார்க்கலாம்.

மதியத் தட்டில் சில கடைகள் எல்லாத் துண்டுகளையும் ஒன்றாக வைத்துவிடும். அப்படியானால் தட்டு முடிந்ததும் கண்ணாடிப் பெட்டியில் பிடித்ததைக் காட்டி இரண்டு துண்டுகளைத் தனியே கேளுங்கள். அப்போதுதான் கடையின் உண்மையான கைவண்ணம் தெரியும். கொஹாதாவைக் கேட்டால் சமையற்காரர் முகம் மலரும். உப்பும் வினிகரும் எவ்வளவு நேரம் என்பது அவரவர் தீர்மானம் என்பதால், கடைக்குக் கடை மாறும் மீன் அது.

கையால் சாப்பிடலாம். நமக்கு இது பழக்கம். இங்கும் முழு மரியாதைக்குரிய முறை. சோயாவில் சோற்றை முக்காமல் மீன் பக்கத்தைத் தொடுங்கள். சாப்பிடக் கூடாதவற்றை உட்கார்ந்ததும் சொல்லிவிடுங்கள்; பிடித்து வைத்தபின் ஒதுக்குவதுதான் அவர்களை வருத்தும். டிப்ஸ் கிடையாது.

குறைகள் இல்லாமல் இல்லை. ஆங்கிலம் இருக்காது. கார்டு வாங்காத கடைகள் உண்டு. சில மீன்களுக்கு விலை எழுதாமல் அன்றைய விலை என்று மட்டும் போட்டிருப்பார்கள். அவற்றைக் கேட்காமல் விட்டால் பில் எகிறாது. சைவர்களுக்கு இங்கே தெரிவு குறைவு. முட்டை அடை, இனிப்பு வறுதோபு, சுரைக்காய்ப் பட்டை எல்லாம் பெரும்பாலும் மீன் சாறில் வெந்தவை. வெள்ளரிச் சுருள் ஒன்றுதான் நம்பிக்கையானது. குடும்பத்தில் சைவர் இருந்தால் சுழல்பட்டைக் கடைக்கே என் வாக்கு. அங்கும் வெள்ளரிச் சுருள், சோளம், வறுவல் என்ற அளவுதான்.

இந்தக் கடைகள் குறைந்துகொண்டே வருகின்றன. பெரியவர்களுக்கு வயதாகிறது, பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள், மலிவுச் சங்கிலிகள் கூட்டத்தை இழுத்துக்கொண்டன. முதலில் இங்கே போங்கள் என்று நான் வற்புறுத்துவதில் அந்தக் கவலைக்கும் பங்கு உண்டு.

டோக்கியோவை விட்டு வெளியே

கூடுதல் நாட்கள் இருந்தால் ஹொக்குரிகு ஷின்கான்சென் ரயிலில் இரண்டரை மணி நேரத்தில் கனசாவா. ஜப்பான் கடலின் மீன்களும் இனிப்பு இறாலும் கைக்கெட்டும் தூரத்தில் இறங்குவதால், அந்த ஊர்ச் சுழல்பட்டைக் கடைகள் டோக்கியோச் சங்கிலிகளைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். அங்கே பேட்டைக் கடையைத் தேடி அலைய வேண்டாம், வடக்குத் தீவான ஹொக்கைடோவிலும் அப்படித்தான்.

ஒசாகா, கியோட்டோ பக்கம் போனால் அளவுகோலையே கழற்றி வைத்துவிடுங்கள். அங்கத்திய பழைய வகை, கானாங்கெளுத்தியைச் சோற்றோடு சேர்த்துப் பெட்டியில் அழுத்திச் செய்வது. சில மணி நேரம் பொறுத்துச் சாப்பிட்டால்தான் வினிகரும் மீனின் எண்ணெயும் சோற்றில் இறங்கும். நாராவில் அதையே சீமைப்பனிச்சை (பெர்சிமன்) இலையில் பொதிந்து தருகிறார்கள். கனசாவாவிலிருந்து டோக்கியோ திரும்பும் வழியில் தொயாமா வருகிறது; அங்கே நிலையத்திலேயே மூங்கில் இலை விரித்த வட்டப் பெட்டியில் மசுசுஷி, அதாவது டிரவுட் மீனைச் சோற்றின் மேல் வைத்து அழுத்திய சுஷி, கிடைக்கும். இறங்கி ஒரு பெட்டி வாங்கிக்கொண்டு அடுத்த ரயிலில் ஏறுங்கள். பெட்டிக்குள்ளேயே சிறிய பிளாஸ்டிக் கத்தி வைத்திருப்பார்கள். கேக் வெட்டுவதுபோல் இலையோடு சேர்த்து வெட்டி, இலையை விலக்கிவிட்டுச் சாப்பிட வேண்டும்.