11-34 கேசட்: எட்டு மாதம் ஓட்டிப் பார்த்ததில்

சைக்கிள் பின்சக்கரத்தில் தாம்பாளம் மாதிரி கேசட்டை, அதாவது கியர் பல்சக்கர அடுக்கை, மாட்டிக்கொண்டு வருபவர்களை ரொம்ப வருடம் கேலி செய்தவன் நான். "மலை ஏற வந்தியா, ராட்டினம் சுத்த வந்தியா?" என்று ஒரு நண்பனிடம் நேராகவே கேட்டிருக்கிறேன். இப்போது எனக்கு 58 வயது. அதே தாம்பாளம் என் சைக்கிளில் இருக்கிறது: 11-34, அதாவது அடுக்கில் சின்னச் சக்கரத்துக்கு 11 பல், பெரியதுக்கு 34. அந்த நண்பன் அதைப் பார்த்தும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

முன்பு என்னிடம் இருந்தது முன்னால் 53/39 (53 பல், 39 பல் என்று இரண்டு சக்கரம்), பின்னால் 11-25. அதில் இருப்பதிலேயே லேசான கியர் 39க்கு 25. பெடலை ஒரு முறை சுற்றினால் சைக்கிள் கிட்டத்தட்ட 3.3 மீட்டர் நகரும். 45 வயதில் இது எனக்குப் போதுமானதாக இருந்தது. நான் வழக்கமாக ஏறும் மலைப்பாதை 6 கிலோமீட்டர், சராசரி ஏற்றம் 7 சதவீதம். காலில் 265 வாட் சக்தியோடு 23 நிமிடம் 40 விநாடியில் ஏறினேன். அந்த நேரத்தை அதற்கப்புறம் தொடவே இல்லை. இன்று அதே மூச்சிரைப்புக்கு 205 வாட் வருகிறது, முப்பது நிமிடம் ஆகிறது. நடுவில் 10 சதவீத ஏற்றம் ஒன்று உண்டு. அங்கே வேகம் மணிக்கு 9 கிலோமீட்டருக்கு இறங்கிவிடும். பழைய கியரில் அது நிமிடத்துக்கு 45 சுற்று. மிதிப்பது என்றே சொல்ல முடியாது, ஒவ்வொரு மிதியும் கிணற்றிலிருந்து வாளி இழுப்பது போலத்தான். மறுநாள் படி இறங்கும்போது வலது முழங்கால் கணக்கு கேட்கும்.

இதை ஒப்புக்கொள்ள எனக்கு நாலைந்து வருடம் ஆனது. முதலில் டயர் காற்றைச் சந்தேகப்பட்டேன். பிறகு எதிர்க்காற்று. பிறகு பெடலில் இருக்கும், மிதிக்கும் சக்தியை வாட்டில் அளக்கும் பவர் மீட்டர். புறப்படும் முன் அதை மூன்று தடவை ஜீரோ செய்து பார்ப்பேன், ஏதோ அதுதான் என் வாட்டைத் திருடுகிற மாதிரி. இதயத் துடிப்பின் உச்சம் 180இலிருந்து 168க்கு வந்தபோது மார்பில் கட்டும் பட்டையின் பேட்டரியைக்கூட மாற்றினேன். அந்த உச்சத்துக்குப் பொதுவாகச் சொல்லும் சூத்திரங்களில் ஒன்று, 208இலிருந்து வயதின் 0.7 பங்கைக் கழிப்பது. எனக்குக் கணக்குப் போட்டால் 167 வருகிறது. பேட்டரிமேல் தப்பில்லை. எவ்வளவு பயிற்சி செய்தாலும் இந்த எண் இறங்கத்தான் செய்யும். இதயத்துக்குத் தாளம் போடும் செல்களும் அட்ரினலினுக்கு இதயம் காட்டும் துடிப்பும் வயதோடு மந்தமாகிவிடுகின்றன. விடாமல் ஓட்டுபவருக்கு, உடம்பு உபயோகிக்கக்கூடிய ஆக்ஸிஜனின் உச்ச அளவு சும்மா இருப்பவரைவிட மெதுவாகக் குறையும், அவ்வளவுதான் சலுகை.

சரி, கேசட்டுக்கு வருகிறேன். கேசட் மட்டும் வாங்கப் போனவன் நாலு சாமானோடு திரும்பினேன். 34 பல்லுக்குப் பழைய குட்டைக் கை டீரெய்லர் (செயினைப் பல்சக்கரம் மாற்றிப் போடும் கருவி) எட்டாது, நீளக் கை உள்ளது வேண்டும். பழைய செயினும் போதாது. முன்னாலும் பின்னாலும் பெரிய சக்கரத்தில் போட்டால், நீளம் பற்றாமல் இழுத்துக்கொண்டு டீரெய்லரையே பிய்த்துவிடும். பெடலோடு சேர்ந்த முன் பல்சக்கரத் தொகுதியான கிராங்கையும் 50/34 ஆக மாற்றினேன், அதனால் முன் டீரெய்லரைக் கொஞ்சம் கீழே இறக்க வேண்டி வந்தது. கடைப் பையன், "நீங்களே மாட்டிக்குவீங்களா சார்?" என்று கேட்டான். ரோஷம் வந்து ஆமாம் என்றேன். வீட்டில் மாட்டினால் கேசட் கடகடவென்று ஆடுகிறது. அரை மணி நேரம் திட்டித் தீர்த்த பிறகுதான் டப்பாவின் அடியில் ஒட்டிக்கொண்டிருந்த மெல்லிய வளையம் கண்ணில் பட்டது. நான் வாங்கிய 11 கியர் மாடலுக்கு ஹப்பில் (சக்கரத்தின் நடுக்குடம்) முதலில் அந்த வளையத்தைப் போட்டுவிட்டுத்தான் கேசட்டை ஏற்ற வேண்டும். வாங்குபவர்கள் டப்பாவைக் கவிழ்த்துப் பார்த்துவிடுங்கள்.

மலையில் இது செய்யும் வேலையைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. 34க்கு 34 போட்டால் பெடல் ஒரு சுற்றுக்குச் சக்கரமும் ஒரே சுற்று, 2.1 மீட்டர். அந்தப் 10 சதவீத ஏற்றத்தில் வேகம் அதே ஒன்பதுதான், கால் மட்டும் 70 சுற்றில் ஓடுகிறது. முழங்கால் வாயே திறப்பதில்லை. முதல் நாள் மேலே போய்ச் சேர்ந்தபோது ஏதோ ஏமாற்றிவிட்டு வந்த மாதிரி இருந்தது. நேரம் பார்த்தேன்: 29:25. முன்பைவிட அரை நிமிடம் குறைவு. வாட் ஏறவில்லை, கடைசிக் கிலோமீட்டரில் கால் சாகவில்லை, அதுதான் வித்தியாசம். போன நேரம் திரும்பி வரும் என்று நினைத்து யாரும் இதை வாங்க வேண்டாம். ராபர்ட் மார்ஷான் என்ற பிரெஞ்சுக்காரர் 2014இல், 102 வயதில், ஒரு மணி நேரத்தில் 26.927 கிலோமீட்டர் ஓட்டினார். இரண்டு வருடம் முன்பு அவரே ஓட்டியதைவிட இரண்டரை கிலோமீட்டருக்கு மேல் அதிகம். அதைப் படித்துவிட்டு நானும் ஒரு மாதம் குதித்தேன். 2017இல், 105 வயதில், அவருக்கு 22.547.

குறை சமதளத்தில்தான். பழைய கேசட்டில் 11இலிருந்து 17 வரை ஒவ்வொரு பல்லாக ஏறும். இதில் 13, 15, 17 என்று தாவுகிறது. கூட்டமாக 32 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது 15 கனமாக இருக்கும், 17 போட்டால் கால் பறக்கும். நடுவே எனக்கு வேண்டிய 16 இல்லை. இளைஞர்களுக்கு இது தெரியாது, பதினைந்திலேயே அழுத்திவிடுவார்கள். நான் ஒரு சக்கரம் பின்னால் ஒதுங்கிக்கொள்கிறேன். எடையும் நூறு கிராமுக்குச் சற்று மேல் கூடியிருக்கிறது. அதை நான் குறையாக எழுதினால் என் தொப்பை சிரிக்கும்.

பழைய 11-25ஐ மண்ணெண்ணெயில் கழுவி, துணியில் சுற்றி அலமாரியில் வைத்திருக்கிறேன். இரண்டு பேர் விலைக்குக் கேட்டார்கள், தேய்ந்துவிட்டது என்று சொல்லிவிட்டேன். தேயவில்லை.

ஐந்துக்கு நாலு நட்சத்திரம். ஒன்று குறைத்தது அந்த 16க்காக.