நிற்பதா, ஊர்வதா?

ஓட்டுநர் இல்லாத காருக்குச் சாலை பிடிபடாதபோது இரண்டு வழிகள் உண்டு: நின்றுவிடுவது, அல்லது வேகத்தைக் குறைத்து ஊர்ந்து போவது. பெங்களூரு மழையில் இரண்டையும் வைத்துப் பார்ப்போம்.

2023 மே மாதம் கே.ஆர். சர்க்கிள் சுரங்கப்பாதையில் தேங்கிய மழைநீரில் ஒரு கார் மூழ்கி, இளம்பெண் ஒருவர் இறந்தார். ஓட்டியது மனிதர்தான். ஆனால் அங்கே இயந்திரக் கண்ணும் பெரிதாக உதவாது. கேமராவுக்குத் தெரிவது நீரின் மேற்பரப்பு. ஒளிக்கதிர் வீசித் தூரம் அளக்கும் கருவியான லைடாரின் ஒளியோ அசையாத நீரில் பட்டுப் பெரும்பாலும் வேறு பக்கம் தெறித்துவிடும். அரை அடியா, ஆறு அடியா என்று தெரிவதற்குள் கார் உள்ளே இறங்கியிருக்கும். அதனால் சரிவுக்கு முன்பே நிற்க வேண்டும், வேறு பேச்சே கூடாது. அல்சூரில் நம் ஆட்டோ அண்ணன்கள், முன்னால் போகும் பஸ்ஸின் சக்கரம் எவ்வளவு முங்குகிறது என்று பார்த்த பிறகே இறங்குவார்கள்.

ஓசூர் சாலை கதை வேறு. மழையில் சாலைக் கோடு மறைந்ததும் நடுவழியில் கார் நின்றால் பின்னால் வரும் லாரி இடித்துவிடும். அங்கே ஊர்வதே மேல். வேகம் பாதியானால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் கிட்டத்தட்ட கால்வாசியாகும்.

அப்புறம், ஓரங்கட்டுவதும் எப்போதும் பாதுகாப்பல்ல. 2023 அக்டோபரில் சான்பிரான்சிஸ்கோவில், வேறொரு கார் இடித்துத் தள்ளிய பெண்மீது க்ரூஸ் நிறுவனத்தின் தானியங்கி கார் மோதி நின்றது. பிறகு ஓரங்கட்டப் போய், அடியில் சிக்கியவரைச் சுமார் 20 அடி இழுத்துச் சென்றது. எதன்மீது மோதினோம் என்று தெரியாத கார், நின்ற இடத்திலேயே நின்று ஆளைக் கூப்பிட வேண்டும்.